சந்தியாகுவின் அளவு

உச்சந்தலையிலிருந்து பாதம் வரை கயிறு பிடித்து ஒரு முடிச்சுப் போட்டாள் இன்னாசியம்மாள். அடுத்து, தோள் அகலத்துக்கு ஒன்று. ஃபைபர் சிலையாக நின்ற அவள் கணவன் சந்தியாகு, மணமேல்குடிக் கடலைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

“புதுச் சட்டை தைக்கவாக்கா?” என்றாள் சுடர்விழி. அங்கே எழும்பிக்கொண்டிருக்கும் கடலோடிகள் அருங்காட்சியகத்தை வடிவமைப்பவள் அவள். கேட்டுக்கொண்டே, கையிலிருந்த கடிதத்தைப் பைக்குள் திணித்தாள்.

“அளவு சரியா இருக்கணும்ல மேடம்.”

நாலு வருஷத்துக்கு முன்பு கடலுக்குப் போன சந்தியாகு திரும்பவில்லை. தேடிப் போனவர்களுக்குப் படகின் ஒரு பலகைகூடக் கிடைக்கவில்லை.

மீனவர் சிலைக்கு முகம் தேடியபோது, ‘எங்க வீட்டுக்காரரையே செஞ்சிருங்க’ என்று போட்டோவோடு வந்து நின்றவள் இன்னாசியம்மாள். தாடைத் தழும்பு சரியில்லை, காது பெரிசு என்று பதினோரு தடவை பஸ் ஏறி வந்து சுடர்விழியின் உயிரை வாங்கிய புண்ணியவதி. கடைசித் தடவை குறை எதுவும் சொல்லவில்லை. சிலையின் கையைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றாள்.

அப்படிப்பட்டவளிடம் எந்த வாயால் சொல்வது?

“அக்கா… மேல இருந்து லெட்டர் வந்துருக்கு. நாட்டோட கடல் பெருமையைக் காட்டுற எடமாம். ராஜாவும் கப்பலும் போதுமாம். கைலி கட்டுன மீனவர் வேணாம்னுட்டாங்க. எவ்வளவோ சண்டை போட்டுப் பாத்துட்டேன்.”

“ம்.”

“திங்கக்கிழமை ஒடைச்சுருவாங்கக்கா.”

சுடர்விழிக்கு அழுகை முட்டியது. மேலிடத்து முடிவு, யானை வாய்க்குள் போன கரும்பு. இனி அதை யார் பிடுங்க முடியும்?

இன்னாசியம்மாள் அழவில்லை. கயிற்றைச் சுருட்டி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

“வாட்ச்மேன் நேத்தே சொல்லிட்டாரு மேடம். ஒடைக்க வேணாம். இவரை எங்கிட்டக் குடுத்துருங்க. காலையில வண்டி கொண்டாரேன்.”

“தாராளமா எடுத்துக்கங்க. ஆனா ஒத்த ரூம் வீட்டுல இம்புட்டுப் பெரிய சிலையை எங்கிட்டு நிறுத்துவீங்க?”

“நிறுத்துறதுக்கு இல்ல மேடம். நாளைக்கு அடக்கம்னு ஊருக்குச் சொல்லிட்டேன்.”