சந்தாதாரர் ஒருவர்

"அப்பாவுக்குக் கடைசிவரை ஒரு பல்கூட விழவில்லை" என்று தங்கை தன் வலைப்பூவில் எழுதியிருந்தாள்.

போனை மேஜையில் அடித்த அடியில் பக்கத்திலிருந்த பிளாஸ்டர் அச்சு கீழே விழுந்து இரண்டாக உடைந்தது.

நான் பல்செட் செய்கிறவள். பல் மருத்துவமனையின் பின்னறையில் பதினாறு வருடமாக இதுதான் வேலை. அப்பாவின் மேல்வரிசை, கீழ்வரிசை இரண்டையும் இதே மேஜையில் இதே கையால் செய்தேன். முதல் நாள் அதைப் போட்டுவிட்டுச் சிரிக்கச் சொல்லி, அவரைப் போட்டோ எடுத்ததே இவள்தான்!

சத்தம் கேட்டு டாக்டரம்மா எட்டிப் பார்த்தார். "காலங்காத்தாலயே யார் மேல இவ்வளவு கோவம்?"

"இருக்கா ஒருத்தி. நீங்க போங்க மேடம்."

அப்பா போய் மூன்று வருடம் ஆகிறது. அன்றைக்கே அவள் எண்ணைப் போனில் தடுத்துவிட்டேன். இரண்டு வருடம் அவரைத் தூக்கி உட்கார வைத்ததும், துடைத்துவிட்டதும், திட்டு வாங்கிக் கட்டிக்கொண்டதும் நான். கடைசி நான்கு நாள் வந்து கட்டிலோரம் அழுதுவிட்டு, வீட்டுக்குப் போய் 'நானும் அப்பாவும்' என்று வலைப்பூ தொடங்கினாள் அவள்.

அதில் என்னைப் பற்றி ஒரு வரி கிடையாது. என் பெயரை இழுத்தால் நடப்பதே வேறு என்று சொல்லியனுப்பி மிரட்டியது நான்தான் என்பது வேறு விஷயம்.

படிக்காமல் விட வேண்டியதுதானே என்பீர்கள். முடியவில்லை. ஆனால் அவள் தளத்துக்குள் போனால் வந்தவர் எண்ணிக்கையில் ஒன்று ஏறும். அந்த ஒன்றைக்கூட அவளுக்குக் கொடுக்க எனக்கு மனமில்லை.

அதற்காகத்தான் போனில் ஃபீட் ரீடர் வைத்திருக்கிறேன். தளத்தின் முகவரியை ஒரு தடவை கொடுத்தால் போதும், புதிதாக எழுதுவதையெல்லாம் அதுவே கொண்டுவந்து போட்டுவிடும். திருட்டுத்தனமாகப் படிக்க அதைவிட வசதி இல்லை. 'பிடித்தவை' என்ற பட்டியலில்தான் அவளும் இருக்கிறாள். 'பிடிக்காதவை' என்று அதில் ஒரு பட்டியல் இல்லை.

முதலில் ஒழுங்காகத்தான் எழுதினாள். இந்த ஏழு மாதமாகத்தான் எல்லாம் தப்பு.

அப்பாவுக்குக் கேட்காதது வலது காது. இடது என்று எழுதினாள். பூனையைக் கண்டாலே எரிந்து விழுகிற மனுஷன். மடியில் வைத்துக் கொஞ்சினார் என்று எழுதினாள். ஒவ்வொன்றையும் பொறுத்துக்கொண்டேன். அதற்குள் மறந்துவிட்டாளே, என்ன பிறவி இவள்? பெற்ற அப்பாவின் காதுகூடவா நினைவில்லை?

இன்று பல்.

மிச்சத்தையும் படித்துத் தொலைப்போம் என்று விரலால் தள்ளினேன். கீழே கொஞ்சம்தான் இருந்தது.

"இந்தத் தளத்தின் ஃபீடுக்கு இப்போது ஒரே ஒரு சந்தாதாரர்தான் என்று காட்டுகிறது. அது யார் என்று எனக்குத் தெரியும். ஏழு மாதமாகத் தப்புத் தப்பாக எழுதிப் பார்க்கிறேன். இன்னும் திட்ட வரவில்லை."

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. அப்படியென்றால் அந்தக் காது, பூனை, எல்லாமே தெரிந்து செய்ததா? என்ன திமிர்!

மூன்று வருடத்தில் முதல் தடவையாக அவள் தளத்துக்குள்ளேயே போனேன். எண்ணிக்கையில் ஒன்று ஏறியது. ஏறட்டும்.

கருத்துப் பெட்டியில் படபடவென்று அடித்தேன்: "அடியே, அப்பாவுக்கு சொந்தப் பல் ஒன்னுகூட கிடையாது. கேக்காதது வலது காது. பூனைன்னா ஆகவே ஆகாது. ஒழுங்கா திருத்து."

பெயரைப் போடாமல் அனுப்ப முடியாது என்றது பெட்டி.

என் பெயரை எழுதினேன். அழித்தேன். 'அக்கா' என்று போட்டு அனுப்பினேன்.

அப்போதும் கோபம் தீரவில்லை.