சாயாத வம்சம்

விக்டோரியா மகாராணி காலத்துக் கல்லறைத் தோட்டம் ஒன்றில், நீதிபதி ஹாலோவே குடும்பத்துக் கல்லறைமேல் ஒரு பளிங்கு தேவதை நின்றது. பக்கத்திலேயே கப்பல் வியாபாரி பிங்கம் குடும்பத்தின் கருங்கல் தூண். உயிரோடு இருந்தபோதே இரண்டு குடும்பத்துக்கும் ஆகாது. கல்லான பிறகு கேட்கவா வேண்டும்!

நூறு வருஷத்துக்கும் மேல் கழித்து, ஒரு மழைக்காலத்தில் தூண் சாய ஆரம்பித்தது, அதுவும் தேவதையின் பக்கமாக. தேவதைக்கு இறக்கையெல்லாம் பதறியது. பறந்து தப்பிக்கலாம் என்றால், பளிங்காயிற்றே.

“ஓய், எம்மேல சாயறீரே!”

“நானா? எங்க வம்சத்துல எவனும் சாஞ்சதில்ல. உம்ம கண்ணுதான் கோணல், அம்மணி.”

தேவதை தன் தலைமேல் உட்கார்ந்திருந்த காக்கையிடம் நியாயம் கேட்டது. காக்கை தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துவிட்டு, “நேராத்தானே நிக்கிறாரு!” என்றது.

தூண் பெருமையில் நெஞ்சை நிமிர்த்தியது. அந்த நிமிர்வில்தான் அடிக்கல் நழுவியது. தூண் அப்படியே சரிந்து, தேவதையின் தோளில் தலைவைத்து நின்றுவிட்டது.

மறுநாள் ஊர் சுற்றிக்காட்ட வந்த கைடு கண்ணைத் துடைத்துக்கொண்டார். “பாருங்க, செத்தும் பிரியாத ரெண்டு குடும்பம்!” கூட்டம் உருகிப்போய்ச் செல்போனைத் தூக்கியது.

“பொய்!” என்று கத்த தேவதை வாயெடுத்தது.

“சும்மா நில்லும் அம்மணி, போட்டோ எடுக்கிறாங்க,” என்று தூண் கிசுகிசுத்தது.

தேவதை ஒரு கணம் யோசித்தது.

“அப்படின்னா இன்னும் கொஞ்சம் நல்லாச் சாயும், ஓய்.”