போட்டுக் கொடுத்த ஆள்

“என்னைப் போட்டுக் கொடுத்தவன் மட்டும் கையில கிடைச்சான், தொலைஞ்சான்!”

வீட்டுக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக ஃபிட்டர் கத்தினார். வீசியெறிந்த பையிலிருந்து டிபன் டப்பா உருண்டு கட்டிலுக்கடியில் போய் ஒளிந்துகொண்டது.

“என்ன ஆச்சுன்னு சொல்லிட்டுக் கத்துங்களேன்,” என்றாள் மனைவி.

ஆனது இதுதான். அவர் வேலை பார்ப்பது பெரிய பெரிய பம்புகள் செய்யும் தொழிற்சாலையில். தடித்தடியான போல்ட்டுகளை அளவு பிசகாமல் இறுக்க அங்கே ஒரு மின்சார ரெஞ்ச் உண்டு. அதில் இரண்டு பட்டன். இரண்டு கையாலும் இரண்டையும் அழுத்தினால்தான் சுற்றும். ஒரு கையை எடுத்தாலும் நின்றுவிடும்.

நம்ம ஆளுக்குப் பொறுமை ஏது? ஒரு பட்டனை அழுத்தி, அது எழும்பாதபடி இன்சுலேஷன் டேப்பைச் சுற்றி ஒட்டிவிட்டார். இனி ஒரு கையால் ரெஞ்சை ஓட்டலாம், இன்னொரு கையால் அதன் தலையை அசையாமல் பிடித்துக்கொள்ளலாம். வேலை பறந்தது. சும்மா இருந்தாரா? கேன்டீனில் பாதிப் பேரிடம் பீற்றிக்கொண்டார். வீட்டிலும் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு நடித்தே காட்டினார்.

மறுநாள் காலை சூப்பர்வைசர் நேராக அவரிடம்தான் வந்தார். ரெஞ்சைத் திருப்பினார். டேப்பை உரித்தார்.

“ஒரு வாரம் ஸ்டோர்ல பெட்டி அடுக்குங்க. அப்புறம் பேசிக்கலாம்.”

“எல்லார் முன்னாடியும் மானம் போச்சு!” ஃபிட்டர் பொருமினார். “அந்தக் கண்ணாடிக்காரன் வேலைதான் இது. பக்கத்து மேஜையிலேர்ந்து என் கையையே பாத்துட்டிருப்பான்.”

“அவரைத் தவிர வேற யாரும் சொல்லியிருக்க மாட்டாங்களா?”

“அவன் மூஞ்சியே சொல்லுது!”

மாமியார் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். முழங்கால் ஆபரேஷன் செய்துகொண்டு மகள் வீட்டோடு தங்கியிருக்கிறவர்.

“எனக்குத் தாகமில்லன்னு உங்கம்மாகிட்ட சொல்லு.”

மாமியார் கைக்கெட்டும் தூரத்தில்தான் நின்றார். இருந்தாலும் மனைவி கடமை தவறாமல் சொன்னாள். “அம்மா, அவருக்குத் தாகமில்லையாம்.”

முன்பு ஒருமுறை சொந்தக்காரர்கள் கூடியிருந்த இடத்தில், “மாப்பிள்ளை தங்கமானவர்தான், ஆனா அவசரக்குடுக்கை” என்று மாமியார் வாய் தவறிச் சொல்லிவிட்டார். எல்லாரும் சிரித்துத் தொலைத்தார்கள். அன்றைக்கு அறுந்த பேச்சு அதன்பிறகு ஒட்டவே இல்லை.

ஸ்டோரில் பெட்டி அடுக்கிய நாளெல்லாம் கண்ணாடிக்காரர் எதிரே வந்தால் ஃபிட்டர் சுவரைப் பார்த்துக்கொண்டு நடந்தார். அவர் வாங்கிவந்த டீயையும் தொடவில்லை. கண்ணாடிக்காரர் பாவம், திருதிருவென்று விழித்தார்.

மறுபடி ரெஞ்ச் கைக்கு வந்தது. இப்போது டேப் கிடையாது. முணுமுணுத்துக்கொண்டே இரண்டு கையாலும் அழுத்தினார்.

அந்த ரெஞ்சின் பக்கவாட்டில் ஒரு இரும்புக் கை நீட்டிக்கொண்டிருக்கும். பக்கத்து நட்டில் அதைச் சரியாக முட்டுக் கொடுத்து நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் போல்ட் சுற்றுவதற்குப் பதிலாக ரெஞ்சே சுற்றிவிடும். வழக்கமான அவசரத்தில் அவர் அதை நட்டின் விளிம்பில் ஒப்புக்குச் சாய்த்துவிட்டு பட்டன்களை அழுத்தினார்.

சடாரென்று வழுக்கியது. இரும்புக் கை சுழன்று பம்பின் உடம்பில் இடித்து நின்றது.

பதறிப்போய்க் கைகளை எடுத்தார். இரும்புக் கைக்கும் பம்புக்கும் நடுவே ஒரு துடைக்கிற துணி மாட்டியிருந்தது. உருவிப் பார்த்தால் நசுங்கிக் கிழிந்து கந்தலாகிக் கிடந்தது.

டேப் ஒட்டியிருந்தபோது அவருடைய இடது கை இருந்தது அந்த இடத்தில்தான்.

விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி நீட்டிப் பார்த்தார். எல்லாம் இருந்தன. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. நேரே போய்க் கண்ணாடிக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“மன்னிச்சுடுப்பா. உன்னை வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கேன். நீ மட்டும் போட்டுக் கொடுக்கலேன்னா இன்னிக்கு என் கை போயிருக்கும். உன்னை ஆயுசுக்கும் மறக்க மாட்டேன்.”

“நானா?” கண்ணாடிக்காரர் மிரண்டார். “நான் எங்கப்பா சொன்னேன்? உன் வேகத்தைப் பாத்துட்டு நானும் ஒட்டலாம்னு ஒரு டேப் வாங்கி வச்சிருந்தேன்.” டிராயரைத் திறந்து காட்டினார். பிரிக்காத புது டேப்.

ஃபிட்டர் அதை எடுத்துக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு சூப்பர்வைசரிடம் ஓடினார்.

“சார், அது யாருன்னு சொல்லுங்க. சண்டைக்கு இல்ல சார், சத்தியமா. அவங்க கால்ல விழணும்.”

சூப்பர்வைசர் தயங்கினார். “பேரு எனக்கும் தெரியாது. ஆபீஸ் போனுக்கு ஒரு அம்மா பேசினாங்க. குரல் நடுங்குச்சு.”

“என் சம்சாரமாத்தான் இருக்கும் சார்!” ஃபிட்டர் முகம் மலர்ந்தது. “எனக்கு ஒண்ணுன்னா அவ துடிச்சுப் போயிடுவா.”

“இல்லீங்க. ‘இது என் பொண்ணுக்குக்கூடத் தெரியாது, நீங்களும் சொல்லிடாதீங்க. நான்தான் சொன்னேன்னு தெரிஞ்சா அவர் வீம்புக்குன்னே மறுபடி ஒட்டுவார். அவர் காலம் பூரா என்கூடப் பேசாட்டியும் பரவாயில்ல சார், அந்தக் கை முழுசா இருக்கணும்’னு சொன்னாங்க.”