சைலஸின் கட்டில்

கப்பல்களை இழுக்கும் டக் படகில் ஞானசிங்கோடு வேலை பார்த்த சைலஸ், லீவில் ஊருக்குப் போனவன் திரும்பவே இல்லை. அவன் ஊர் பசிபிக் கடலில், சாலமன் தீவுகளின் கடைக்கோடி மாகாணமான டெமோட்டுவில் ஒரு பொட்டுத் தீவு. "இருட்டில் கண் எதுக்கு? வள்ளத்துக்குள்ள மல்லாந்து படு. கரை எங்கேன்னு அலையே முதுகுல சொல்லும்" என்பான்.

வளைகுடாவில், கம்பெனி ஆட்கள் தங்கும் அஜ்மான் கேம்பில் அவன் கட்டிலை ஞானசிங்குக்குக் கொடுத்தார்கள். வார விடுமுறையான முதல் வெள்ளிக்கிழமை காலையில் மல்லாந்ததுமே கட்டில் ஏறி இறங்கியது.

"ஏசி அதிருதுடே," என்றான் எதிர்க்கட்டில் அருள்ராஜ்.

ஏசி இப்படியா அதிரும்? ஞானசிங் குளச்சல் கடலில் வளர்ந்தவன். கரையில் மோதித் திரும்புகிற அலை எதுவென்று அவன் முதுகுக்கும் தெரியும். வாராவாரம் அந்த அலை வலுத்தது; கரை நெருங்கிக்கொண்டே வந்தது. வேறு கட்டில் கேட்டுப் பார்த்தான். "மாஃபி, வேற கட்டில் கிடையாது" என்றுவிட்டார் சூப்பர்வைசர்.

இன்று கட்டிலுக்கு அடியில் மணல் உரசியது. ஆட்டம் நின்றது. பிறகு, வள்ளத்தைக் கரையேற்றுவதுபோல யாரோ பலபேர் சேர்ந்து கட்டிலை ஒரு முழம் இழுத்தார்கள்.

அருள்ராஜ் கண்ணாடியில் தலை சீவிக்கொண்டிருந்தான். "எறங்குடே, மெஸ்ஸுல சோறு தீந்துரும்."

ஞானசிங் தரையைப் பார்க்கவில்லை. இரண்டு காலையும் மடக்கி நெஞ்சோடு சேர்த்துக்கொண்டான்.

கட்டில் இன்னொரு முழம் நகர்ந்தது.