காலித் தொட்டிகள்

ஜூலை 9, புதன்.
போட்டியில் ஒரு தவறு செய்துவிட்டேன். குப்பைத் தொட்டியைப் பார்த்தேன். பையைப் பார்க்கவில்லை.

எழுதியதை அவள் மறுபடி படித்தாள். 'ஒரு தவறு' என்று அவ்வளவு உறுதியாகச் சொல்லலாமா என்று யோசித்தாள்.

யோசிக்க விடாத சத்தம்.

தொடக்கப்பள்ளியின் தரை முழுவதும் குப்பை. குப்பையைச் சுற்றி, மாலையில் அவள் பாடம் சொல்லிக்கொடுக்கும் பிள்ளைகள். கோயில் கொடைக்குக் கடை போட்டதுபோல் ஒரே கூச்சல்.

போட்டி வைக்கும் யோசனை அவளுடையதுதான். எந்த வகுப்பின் தொட்டி காலியாக இருக்கிறதோ, வெள்ளிக்கிழமை பள்ளி விடும் மணியை அந்த வகுப்பே அடிக்கலாம்.

பெரிய டீச்சர் அரைமனதோடு தலையாட்டியிருந்தார்.

"வெள்ளி வரைக்கும் பாப்போம். சரிவரலைன்னா பழையபடி குப்பைய பின்னால போட்டுக் கொளுத்திர வேண்டியதுதான்."

அந்தப் புகை அவளுக்குத் தெரியும். இருமாமல் ஒரு வாய்ப்பாடும் முடிந்ததில்லை.

இன்று மாலை வந்து பார்த்தால், எல்லாத் தொட்டியும் காலி.

தனியாக நின்று கைதட்டினாள்.

பிறகுதான் பிள்ளைகளின் பைகளைக் கவனித்தாள். ஒவ்வொன்றும் பலாப்பழம்போல் உப்பியிருந்தது.

"வீட்டுல கொண்டுபோயிப் போட்டுருவோம்க்கா," என்றாள் மூன்றாம் வகுப்பு இசக்கியம்மாள். "வீட்டுத் தொட்டிய நீங்க பாக்க மாட்டியள்லா?"

சிரிப்பு வந்தது. கூடவே வெள்ளிக்கிழமையும் நினைவுக்கு வந்தது.

பைகளை அங்கேயே கொட்டச் சொன்னாள்.

கொட்டினார்கள். இப்போது அவள் சொல்லாததையும் செய்துகொண்டிருந்தார்கள்.

"ஏளா, தோலை அதுல போடாத! முருங்கைக்கு அது!"

"பின்பக்கம் வெள்ளையா இருக்குல்லா? கணக்குப் போடலாம், கிழிச்சிராத!"

வாழைப்பழத் தோலும் பென்சில் சீவலும் வாளியில் ஏறி முருங்கை மரத்தடிக்கு ஓடின. கசங்கிய தாள்களை ஒருத்தி மடியில் வைத்துத் தேய்த்துத் தேய்த்து நிமிர்த்தினாள். வாளி திரும்பி வந்தது. மறுபடி ஓடியது.

அவளும் எழுந்து ஓடினாள். செருப்பு போட மறந்துபோனது.

தரை தெரியத் தொடங்கியது.

"தொட்டிக்குன்னு ஒண்ணுமே இல்லக்கா!"

இருந்தது.

நடுவில் ஒரு சின்னக் குவியல். பளபளவென்று, எல்லாம் ஒரே ரோஸ் நிறம்.

மிட்டாய்த் தாள்.

முருங்கைக்கும் ஆகாது. கணக்குக்கும் ஆகாது.

"இத்தனை மிட்டாய் யார் தின்றது?" அவள் குரலில் கொஞ்சம் கண்டிப்பு வந்துவிட்டது.

இசக்கியம்மாள் நெஞ்சை நிமிர்த்தினாள்.

"நாங்கதான்க்கா. வாங்குன அன்னைக்கே திங்க மாட்டோம். மறுநா பள்ளிக்கூடத்துல எல்லாருக்கும் காட்டிக் காட்டித் திம்போம். நல்லாப் படிச்சதுக்குக் கிடைச்சதுல்லா!"

அவள் மேசையைப் பார்த்தாள்.

சரியான விடைக்கு ஒன்று என்று அவள் மிட்டாய் வாங்கிவைத்த கண்ணாடி ஜாடி. பாதி தீர்ந்திருந்தது. மீதிப் பாதி, ரோஸ் நிறம்.

பேனாவைத் திறந்தாள்.

'ஒரு' என்பதை அடித்தாள். மேலே 'இரண்டு' என்று எழுதினாள்.

பிள்ளைகள் அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நாளை: வரும் வழியில் மிட்டாய்க்குப் பதில் நெல்லிக்காய் வாங்க வேண்டும். கொட்டையை எங்கே போடுவது என்று இசக்கியம்மாளிடம் கேட்க வேண்டும்.