வாரின் நீளம்

என் வீட்டுக்காரர் தவறிய பிறகு, கல்யாணங்களுக்குப் படம் எடுக்க நானே போகிறேன். அவருடைய கேமரா பையின் வாரை என் உயரத்துக்குக் குறுக்கி வைத்தால், காலையில் அது மறுபடி அவர் உயரத்துக்கு நீண்டிருக்கும். கொக்கி தேய்ந்துவிட்டது என்று நினைத்து, புதுப் பை வாங்கப் போனேன்.

கடைக்காரர் நாலைந்து பைகளை எடுத்துப் போட்டார். லென்ஸுக்குத் தனி அறை வைத்த ஒன்றை என் தோளில் மாட்டி, வாரை இழுத்துச் சரிசெய்தார்.

"பாருங்கக்கா, உங்களுக்குன்னே அளவெடுத்துத் தச்ச மாதிரி இருக்கு."

"கொக்கி வழுக்காதே?"

"யானையே வந்து இழுத்தாலும் அசையாது."

அந்தப் பேச்சை நம்பித்தான் வாங்கினேன். காலையில் புதுப் பையின் வாரும் நீண்டிருந்தது. என் வீட்டுக்காரர் எப்போதும் செய்வதுபோல, மிச்ச நுனி இரண்டாக மடித்துச் செருகப்பட்டிருந்தது.

அன்று நான் குறுக்கவில்லை. அப்படியே மாட்டிக்கொண்டு கிளம்பினேன். பை முழங்காலில் இடிக்கவில்லை. வார் என் தோளில் தளர்ந்து கிடக்க, பை அவருடைய இடுப்பு உயரத்தில், பாரமே இல்லாமல், என் பக்கத்தில் வந்தது.

மண்டபம் அடுத்த தெருவில்தான். நான் சுற்றிக்கொண்டு போனேன்.