பாலத்தடிக் கிளை ஃபோன்

"போகும்போது கடை ஃபோனையும் சுருட்டிட்டுப் போயிட்டான் பாரு," என்றார் முதலாளி. "நாளைக்கு அந்த நம்பரையே வெட்டிடச் சொல்லப் போறேன். நம்ம வெப்சைட்ல அது எங்கேயும் இல்லையே?"

"இல்ல சார். எல்லாம் மாத்தியாச்சு," என்றாள் அவள்.

வீட்டோடு இருக்கும் நோயாளிகளுக்கு ஆக்சிஜன் சிலிண்டர், சக்கர நாற்காலி, கட்டில் எல்லாம் வாடகைக்குக் கொடுக்கும் கடை அது. ஊருக்குள் நாலைந்து கிளைகள். ஒவ்வொரு கிளைக்கும் வெப்சைட்டில் தனிப் பக்கம். யார் எந்தப் பகுதியில் இருக்கிறார்களோ, அந்தக் கிளைக்கே நேராகக் கூப்பிட வேண்டும் என்பது ஏற்பாடு. அந்தப் பக்கங்களைக் கவனித்துக்கொள்வதுதான் அவள் வேலை.

பாலத்தடிக் கிளையை மூடிவிட்டு, மணிக்கூண்டுப் பக்கம் புதிதாக ஒன்று திறந்தார்கள். பாலத்தடி மேனேஜருக்கு வேலை போயிற்று. சாவியைக் கொடுத்தவர் ஃபோனைக் கொடுக்கவில்லை. அன்றிலிருந்து ஆபீசில் அவர் பெயர் 'கைநீளம்'.

"கட்டிலை விட்டுட்டுப் போனாரே, அந்த மட்டுக்கும் புண்ணியம்," என்று ரிசப்ஷன் அக்கா சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். அவளும்தான்.

அவர் கூப்பிட்டால் யாரும் எடுக்காதீர்கள், வேலை கேட்டு உயிரை எடுப்பார் என்று முதலாளி சொல்லி வைத்திருந்தார். சொன்ன மாதிரியே அவளுக்கு விடாமல் ஃபோன் அடித்தார் மனுஷர். தொல்லை தாங்காமல் அவருடைய சொந்த நம்பரை பிளாக் செய்துவிட்டாள்.

முதலாளி உள்ளே போனதும், எதற்கும் ஒருமுறை பார்த்துவிடுவோமே என்று தன் ஃபோனில் மணிக்கூண்டுக் கிளையின் பக்கத்தைத் திறந்தாள். பாலத்தடிப் பக்கத்தை அப்படியே காப்பி எடுத்து, பெயர், முகவரி, நம்பர் எல்லாம் மாற்றி அவள் செய்த பக்கம். நம்பர் சரியாகத்தான் இருந்தது. அதன் கீழே, 'இப்போதே அழைக்க' என்று பச்சைப் பட்டன். தொட்டாள்.

திரையில் 'பாலத்தடிக் கிளை' என்று வந்தது.

சட்டென்று துண்டித்தாள். கண்ணுக்குத் தெரிகிற நம்பரை மாற்றியவள், பட்டனுக்கு அடியில் இருக்கிற நம்பரை மாற்றாமலே விட்டிருக்கிறாள்.

அவசரத்தில் யார் நம்பரைப் படித்துப் படித்து அமுக்குகிறார்கள்? பட்டனைத்தான் தொடுவார்கள். மூச்சுத் திணறுகிற ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, அவர் மகளோ மனைவியோ அந்தப் பச்சைப் பட்டனை மறுபடி மறுபடி தொடுவது அவள் கண்ணுக்குள் வந்து நின்றது. ஃபோனை எடுத்துப் போனவர் அதை அணைத்து மூலையில் போட்டிருப்பார். இல்லை, விற்றே இருப்பார்.

அங்கேயே பட்டனைச் சரிசெய்தாள். இனிமேல் சரி. இத்தனை நாள்?

கடவுளே, யாருக்கும் ஒன்றும் ஆகியிருக்கக் கூடாது.

முதலாளியிடம் சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால்? பட்டன் மாறியாகிவிட்டது, நாளைக்கு அந்த நம்பரும் போய்விடும், யாருக்குத் தெரியப் போகிறது? இப்படியும் தன் மனசு நினைக்கிறதே என்று அதற்கும் சேர்த்துப் பயந்தாள்.

தெரிந்துகொள்ளாமல் வீட்டுக்குப் போய்ப் பிள்ளைகள் முகத்தைப் பார்க்க முடியாது. மாடிப்படி ஓரமாகப் போய் நின்று, அதே நம்பருக்கு மறுபடி அடித்தாள்.

முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்கள்.

"வணக்கம், மணிக்கூண்டுக் கிளை. பதறாம சொல்லுங்க, சிலிண்டர் வேணுமா?"

கைநீளத்தின் குரல்.

தான் யாரென்று சொன்னாள்.

"சார், இதுல யாராவது கூப்பிட்டாங்களா?"

"தினமும்தான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

அட்ரஸை வாங்கிக்கொண்டு, தன்னுடைய ஃபோனிலிருந்து கஸ்டமர் மாதிரி குரலை மாற்றிக்கொண்டு மணிக்கூண்டுக் கிளையின் லேண்ட்லைனுக்கு அடித்துச் சொல்லிவிடுவாராம். தான் என்று தெரிந்தால் வைத்துவிடுகிறார்களே. சிலிண்டர் போய்ச் சேர்ந்ததா என்று அந்த வீட்டுக்குக் கூப்பிட்டுக் கேட்ட பிறகுதான் சாப்பிடவே உட்காருவாராம்.

"ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகலம்மா," என்றார்.

அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"எங்ககிட்ட ஒரு வார்த்தை..." என்று ஆரம்பித்தவள், அப்படியே நிறுத்திக்கொண்டாள். பிளாக் செய்தது ஞாபகம் வந்தது. அவர் அதைச் சொல்லிக்காட்டவில்லை.

"பட்டனை மாத்திட்டீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

"மாத்திட்டேன் சார்."

"அப்பாடா. இனிமே குளிக்கப் போகும்போது இதை வெளியில வெச்சுட்டுப் போகலாம்."

பின்னால் செருப்புச் சத்தம். "யார்கிட்டம்மா பேசறே?" என்றார் முதலாளி.

ஒரு நொடி கண்ணை மூடித் திறந்தாள்.

"நம்ம பாலத்தடி மேனேஜர்கிட்ட சார். தப்பு பண்ணது நான்," என்று, பட்டன் விஷயம் மொத்தத்தையும் கொட்டிவிட்டு, ஃபோனை ஸ்பீக்கரில் போட்டு நீட்டினாள்.

முதலாளியின் முகம் கறுத்தது. "அதெல்லாம் இருக்கட்டும். அன்னிக்கு நீ அந்த ஃபோனைத் தூக்கிட்டுப் போனது எதுக்குய்யா?" என்றார்.

"சாவியோட சேர்த்து அதையும் மேஜை மேலதான் சார் வெச்சேன். வாசப்படி தாண்டறதுக்குள்ள அது அடிச்சுது. எடுத்தா, அப்பாவுக்கு மூச்சு வாங்குதுன்னு ஒரு பொண்ணு அழுவுது. அப்புறம் எப்படி சார் அதை அங்கேயே வெச்சுட்டுப் போறது?"